முனியாண்டிக்கு முன் சீட்டு

எங்கள் அப்பா சாம்பசிவம், லாயாங் லாயாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். கணக்கில் புலி, தேவாரத்தில் சிங்கம், கார் விஷயத்தில் மட்டும் விளக்கெண்ணெய். பெற்ற தகப்பனைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். அந்தக் கார் உண்மையிலேயே விளக்கெண்ணெயால்தான் நின்றது.

ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போன வருடம், பழைய துரை கப்பலேறும்போது அந்த அமெரிக்கக் காரை அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போனார். அப்போதே அதற்கு வயதாகிவிட்டது. அந்தக் காலத்தில் அநேகமாக எல்லாக் கார்களும் கம்பியை இழுத்துத்தான் நிற்கும். இது எண்ணெயால் நிற்கும். பிரேக் மிதியை மிதித்தால் குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் ஓடிப்போய் நான்கு சக்கரங்களையும் பிடித்துக்கொள்ளும். விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த எண்ணெய் அது. சிங்கப்பூரிலிருந்து டின்னில் வரவழைக்கலாம். அப்பாவுக்கு அது வீண் செலவு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் இரண்டையும் வாங்கித் தானே கலப்பார். அதனால் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் மூக்கைப் பிடிப்பார்கள், பிறகுதான் சௌக்கியம் கேட்பார்கள்.

குளுவாங்கில் பட்டறை வைத்திருந்த ஆ ஹோக் ஒருநாள் காரின் அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அலமாக்! எண்ணெய் ஊத்தினா வழுக்கும்லா, கிராணி. எப்படி நிக்கும்?" என்று கேட்டார். அப்பா அவருக்கு அங்கேயே ஒரு பிரசங்கம் செய்தார். அதற்குப் பிறகு எங்கள் கார் வருவது தெரிந்தால் ஆ ஹோக் பட்டறைக் கதவைச் சாத்திவிடுவார். கைப்பிரேக் என்று ஒன்று இருந்தது. அதை இழுத்தால் கையோடு வந்துவிடும்.

இந்தக் காரைப் பற்றி எனக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். என் கல்யாணம் வந்தது.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பெயர் தவமணிதேவி. யாழ்ப்பாணத்து வீடும் வளவும் அக்காவின் சீதனமாகப் போய்விட்டதால், எனக்குக் கொடுக்க அப்பாவிடம் நல்ல பெயரைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. நல்ல பெயரை எந்த மாப்பிள்ளை வீட்டாரும் ஈடாக எடுப்பதில்லை. வந்த சம்பந்தங்கள் எல்லாம் வடையைச் சாப்பிட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்லுறம்" என்று போயின. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றன.

அப்போதுதான் குணரத்தினத்தின் பேச்சு வந்தது. குளுவாங் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் உத்தியோகம். அவரை நான் முன்பே ஒருமுறை பார்த்திருந்தேன். யாருடைய ஆடோ டிக்கெட் அறைக்குள் புகுந்து, ஒரு கட்டு டிக்கெட்டை வாயில் கவ்விக்கொண்டு நின்றது. மற்றவர்கள் கம்பைத் தேடினார்கள். இவர் மட்டும் குனிந்து, "எந்த ஸ்டேசனுக்கு?" என்று ஆட்டிடம் மரியாதையாகக் கேட்டுவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. மூடி மறைக்க என்ன இருக்கிறது, ரொம்பவே பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் நானும் காரணமில்லாமல் சிரித்தேன். அம்மா கண்ணூறு கழித்தாள்.

அவருடைய அப்பா சிவசம்பு, பென்சன் வாங்கும் ஸ்டேசன் மாஸ்டர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியோடும் மகனோடும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், மேடு ஏற மாட்டார், என்ற செய்தியும் கூடவே வந்தது. எங்கள் வீடோ மேட்டின் உச்சியில். கார் போய்த்தான் அவர்களைக் கூட்டிவர வேண்டும்.

அதற்கு முந்திய மாதமே காருக்கு ஒரு நோய் கண்டிருந்தது. எண்ணெய் குறைந்துகொண்டே போனது. காலையில் கிண்ணம் நிறைய ஊற்றினால் சாயங்காலம் பாதிதான் இருக்கும். மிதியை மிதித்தால் சேற்றில் கால் வைத்ததுபோல் உள்ளே போகும். ஆனால் கார்க் கொட்டகைத் தரையில் ஒரு சொட்டு இல்லை. அப்பா பழைய பத்திரிகைகளைக் காருக்கு அடியில் விரித்தார். காலையில் பத்திரிகை காய்ந்து கிடந்தது. அம்மாவின் வெள்ளைச் சேலையை விரித்தார். சேலையில் பூனை படுத்திருந்தது. அரிசி மாவைத் தூவினார். எறும்புதான் வந்தது.

"இஞ்சருங்கோ, அடுத்தது என்னத்தை விரிக்கப் போறியள்? என்னையோ?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். ஒழுக்கு இல்லையென்றால் களவு. எண்ணெயில் ஸ்பிரிட் இருக்கிறது. ஆகவே தோட்டத்தில் எவனோ போதைக்காகப் பிரேக்கைக் குடிக்கிறான். குடித்தவன் விளக்கெண்ணெயையும் சேர்த்துத்தானே குடித்திருக்க வேண்டும்? அவனுக்கு வயிறு போகாமல் இருக்க முடியுமா?

மறுநாள் விடியற்காலையில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் அப்பா ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, "ஆருக்கு வயித்தாலை போகுது? உண்மையைச் சொல்லிக் கை தூக்குங்கோ!" என்று அதட்டினார்.

வயிற்றுப்போக்கு என்றால் அன்றைக்கு வேலை இல்லை, ஆஸ்பத்திரியில் படுக்கலாம். இது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். களத்தில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் கை தூக்கினார்கள். வெள்ளையம்மா என்ற கிழவி இரண்டு கையையும் தூக்கினாள். அத்தனை பேரும் வரிசையாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே மருந்து கொடுக்கிற டிரெஸருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். வயிறு போனாலும் விளக்கெண்ணெய், போகாவிட்டாலும் விளக்கெண்ணெய். மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் உண்மையாகவே போனது. அத்தோடு ஆஸ்பத்திரியில் இருந்த விளக்கெண்ணெயும் தீர்ந்தது. அப்பாவின் கையில் ஒரு போத்தல்தான் மிச்சம்.

நான் அன்று அறைக்குள் போய் அழுதேன். குணரத்தினத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு போத்தல் விளக்கெண்ணெய் நிற்கிறது என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது, அதனால் அழுகை இன்னும் மோசமாயிற்று.

எங்கள் வீட்டில் சமையலுக்கு நின்ற காளியம்மாதான் என்னைத் தேற்ற வந்தாள்.

"அழுவாதீங்க சின்னம்மா. முனியாண்டிகிட்ட சொல்லுங்க, எல்லாம் சரியாப் போயிரும். இப்ப அவருக்குச் சக்தி ரொம்ப கூடியிருக்கு. ஒரு மாசமா விளக்கு நீலமா எரியுது. கோயில் மண்ணத் தேச்சு நம்ம அய்யாவு தாத்தாவுக்கு முட்டி வலியே போயிருச்சு."

"நீலமாயோ?"

"ஆமாங்க, நீல நெருப்பு. எண்ணெய சாமியே குடுக்குறாரு. தரையில இருந்து ஊறுது."

ஸ்பிரிட் நீலமாக எரியும் என்பது காரை வைத்திருக்கும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் அழுகையை அப்படியே நிறுத்திவிட்டு அவளோடு புறப்பட்டேன்.

முனியாண்டி கோயில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் கீழே, மேட்டுப் பாதையின் வளைவில் இருந்தது. கோயில் என்றால் ஒரு மரம், ஒரு தகரக் கூரை, அதன் கீழ் ஆளுயர அரிவாள் ஒன்று. அந்த வழியாகப் போகும் எந்த வண்டியும் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் கார் கட்டாயம் நிற்கும். ஏனென்றால் கார் ஓட்டும் வீரமுத்துதான் அந்தக் கோயிலுக்குப் பூசாரி. அவர் கும்பிடும் நேரத்தில், சுத்த சைவரான அப்பா முனியாண்டியைப் பார்க்காமல் எதிர்ப்பக்கத்து ரப்பர் மரங்களை முறைத்துக்கொண்டிருப்பார்.

கார் வழக்கமாக நிற்கும் இடத்தில், பின் சக்கரத்தின் பக்கம், மண் கருத்துப் பளபளவென்று இருந்தது. அதில் மூன்று சிரட்டைகளை அழகாகப் புதைத்து வைத்திருந்தார்கள். மூன்றிலும் எண்ணெய். குனிந்து மோந்து பார்த்தேன். எங்கள் வீட்டு வாடை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த மேட்டைத் தவிரத் தோட்டத்துப் பாதை முழுக்கச் சமதரை. வீரமுத்து மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டுபவர். எஞ்சினை அணைத்தால் கார் செம்மண்ணில் தானே நின்றுவிடும். கொட்டகையிலும் அப்படித்தான், சுவரில் கட்டிய சாக்கில் மூக்கை இடித்து நிற்கும். பிரேக்கை மிதிக்கிற ஒரே இடம் இந்தச் சரிவு. மிதிக்கும்போது மட்டும் ஒழுகுகிறது. ஒரு மாதமாக முனியாண்டியின் காலடியில் ஒழுகியிருக்கிறது.

"முனி கேக்குது, வண்டி குடுக்குது" என்று வீரமுத்து பின்னால் நின்று பயபக்தியோடு சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்.

நான் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா உடனே காருக்கு அடியில் படுத்து, வீரமுத்துவை மிதியை அமுக்கச் சொன்னார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவது என்று பேச்சுக்குச் சொல்வார்கள். அப்பாவுக்கு அது நேராகக் கண்ணிலேயே பீச்சியடித்தது. பின் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு. மிதித்தால் வாயைத் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும்.

ஆயிரம் ஏக்கர் ரப்பருக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு ஒரு சாண் ரப்பர் குழாய்க்காகச் சிங்கப்பூருக்குத் தந்தி அடித்தோம். வர ஒரு வாரமாகும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அப்பா பச்சை ரப்பரை நாடாவாக வெட்டிக் குழாயைச் சுற்றி, மெழுகு நூலால் கட்டினார். மிச்சமிருந்த எண்ணெயை ஊற்றினார். "ரெண்டொரு மிதி தாங்கும். வாறவை இறங்க வீட்டு வாசல் சரிவிலை ஒருக்கா மிதிக்க வேணும். மற்றபடி மிதிக்கப்படாது" என்று வீரமுத்துவிடம் சொன்னார்.

"கோயில்ல மிதிக்கணுமேங்க?"

"கோயிலிலை நிக்கப்படாது. நேரே ஏத்திக்கொண்டு வா."

வீரமுத்து சாவியை எடுத்து அப்பாவின் காலடியில் வைத்தார். "ஐயா, சோத்துல மண்ணள்ளிப் போட்டாலும் சரி. முனியாண்டிய நிக்காமத் தாண்ட என்னால ஆவாது. அவரு சும்மா விட மாட்டாரு" என்றார். தோட்டத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. அப்பா ஓட்டினால் முன்னால் போவதும் பின்னால் போவதும் காரின் விருப்பம்.

"அப்ப முனியாண்டியிட்டையே கேப்பம்" என்றேன் நான். எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் உடுக்கை அடித்தார்கள். வீரமுத்துவுக்கு அருள் வந்தது. அப்பா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து, குடையை விரித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார்.

"வீரமுத்து, நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் நிக்காமல் போக விடுவாரோ எண்டு அவரிட்டைக் கேள்" என்றார் அப்பா.

வீரமுத்து அப்போது முனியாண்டியாகவே இருந்ததால், யாரிடம் கேட்பது என்று புரியாமல் ஒரு கணம் விழித்தார். பிறகு முனியாண்டி உறுமினார். "டேய் கிராணி! நான் வீட்ல இருக்கையில என் வாசலத் தாண்டி நிக்காமப் போவியா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்கள் வீட்டிலை இல்லாட்டில்?" என்று கேட்டுவிட்டேன்.

உடுக்கை நின்றது. முனியாண்டி யோசித்தார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை போலும்.

"வீட்ல இல்லேன்னா எதுக்கு நிக்கணும்?" என்றார் கடைசியில், கொஞ்சம் சாந்தமாகி.

"அப்ப நாளைக்கு நீங்களும் காரிலை ஸ்டேசனுக்கு வாங்கோ."

முனியாண்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முன் சீட்டு" என்றார். "சுருட்டு வேணும்."

அப்பாவின் குடை ஆடியது. சிரித்தாரா, அழுதாரா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

இப்படியாக, ஞாயிற்றுக்கிழமை சிவசம்பு குடும்பத்தை வரவேற்க லாயாங் லாயாங் ஸ்டேசனுக்குப் போன காரின் முன் சீட்டில், வீரமுத்துவின் பக்கத்தில், முனியாண்டியின் அரிவாள் மாலை போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தது. நுனியில் எலுமிச்சம்பழம். அடியில் சுருட்டுக் கட்டு. அங்கே நடந்ததைப் பிறகு வீரமுத்துவே எங்களுக்குச் சொன்னார்.

சிவசம்பு தலைப்பாகையும் கோட்டுமாக வந்து, வழக்கப்படி முன் கதவைத் திறந்திருக்கிறார். திறந்தவர் அப்படியே நின்றிருக்கிறார்.

"ஆர் இது?"

"முனியாண்டிங்க. அவரும் நம்ம வீட்டுக்குத்தான் வராரு. நீங்க பின்னாடி உக்காருங்க."

"பெண் வீட்டுக்காரருக்கு உறவோ?" என்று பின்னால் இருந்து ஒரு குரல் கேட்டதாம். கேட்டது குணரத்தினம். சிவசம்பு மகனை முறைத்துவிட்டுப் பின் சீட்டில் ஏறினார். குணரத்தினத்தின் அம்மாள் வழி முழுக்க எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டே தேவாரம் முணுமுணுத்திருக்கிறார். அவர் குரல் கோயில் குரல், முணுமுணுத்தாலும் நாலு வீடு கேட்கும்.

கோயில் வளைவில் தோட்டத்துச் சனம் கூடி நின்றது. சாமி காரில் ஊர்வலம் போகிறார் என்றால் சும்மா இருப்பார்களா? சிரட்டையும் விளக்கும் தயார். கார் நிற்காமல் அவர்களைக் கடந்து மேலே ஏறியது. வெற்றுக் கோயிலைப் பார்த்து வீரமுத்து ஹாரன்கூட அடிக்கவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்து மூச்சு விட்டேன். பாதி பிழைத்தேன் என்று நினைத்தேன்.

வாசலில் அப்பா பட்டுச் சால்வையோடு நின்றார். கையில் ஒரு மரக்கட்டை. கார் நின்றதும் சக்கரத்துக்குக் கீழே அதைக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வீரமுத்து மிதியை மிதித்தார். கார் நின்றது! சம்பந்தி வீட்டாரைக் குலுக்கக் கூடாது என்ற மரியாதையில் அவர் எஞ்சினை அணைத்து கியரையும் எடுத்துவிட்டார். சிவசம்பு இறங்கினார். இறங்கி, தலைப்பாகையைச் சரி செய்து, இரண்டு கைகளையும் கூப்பி, "வணக்கம்" என்றார்.

பெண்ணைப் பெற்றவர் என்ன செய்வார்? பெரிய மனிதர் கும்பிட்டால் பதிலுக்குக் கும்பிடத்தானே வேண்டும்? அப்பாவும் இரண்டு கைகளையும் கூப்பினார். கட்டை அவர் பெருவிரலில் விழுந்து புல்லில் உருண்டது. அதே நேரம் காருக்கு அடியில் பொசுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அப்பா கட்டிய நாடா அவிழ்ந்துவிட்டது.

கார் மெதுவாகப் பின்னால் போகத் தொடங்கியது. உள்ளே அம்மாளும் குணரத்தினமும் முனியாண்டியும் இருந்தார்கள். அம்மாள் வெளியே வைத்திருந்த ஒரு காலை அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டார். சம்பந்தி வீட்டார் வந்த வழியே திரும்பிப் போவதை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். முகம் எங்களைப் பார்த்தபடி, காரோடு, வடை சாப்பிடாமல் போனவர்கள் இவர்கள்தான்.

"மிதி! மிதி!" என்று அப்பா ஒற்றைக் காலில் குதித்தார்.

வீரமுத்து மிதித்தார். அங்கே ஒன்றும் இல்லை. உடனே அவர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, பக்கத்துச் சீட்டைப் பார்த்துக் கும்பிட்டு, "சாமி, நீயே ஓட்டிக்க!" என்றார். குணரத்தினம் பின்னாலிருந்து எட்டி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தார். மறு கையால் முனியாண்டி சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார் என்று நான் சத்தியம் செய்வேன்.

பெண் பார்க்க வந்த நாளில் பெண் ஓடக் கூடாது என்பதெல்லாம் எனக்கு மறந்தே போனது. பலகாரத் தட்டோடு ஓடினேன். பின்னால் சிவசம்பு, அவருக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு அப்பா, அதற்கும் பின்னால், "தட்டை வைச்சிட்டு ஓடடி!" என்று அம்மா. இத்தனைக்கும் மேலாக மாப்பிள்ளையின் அம்மாவின் குரல் மேடு முழுக்க முழங்கியது.

"முனியப்பா! நிப்பாட்டு! வாற வெள்ளிக்கிழமை பொங்கல் போடுறன்!"

கார் நிற்கவில்லை.

"என்ரை காப்பைக் கழட்டித் தாறன்!"

கார் வேகமாகப் போனது.

"முனியப்பா! இந்தப் பெட்டையையே எடுக்கிறன்! ஒரு சதம் சீதனம் கேக்கமாட்டன்!"

கார் நின்றது.

எங்கே நின்றது என்று சொல்ல வேண்டுமா? ஒரு மாத எண்ணெய் குடித்து ஊறிப்போன அந்த மண்ணில் பின் சக்கரங்கள் வழுக்கி, புதைந்து, கோயில் வாசலுக்கு நேர் எதிரே நின்றது. சனம் மொத்தமும் விலகி, பிறகு மொத்தமாகச் சூழ்ந்துகொண்டது. காளியம்மா குலவையிட்டாள். "வீடு வந்து சேந்துட்டாரு!" என்று அய்யாவு கத்தினார். முட்டி வலிக்காரர்தான், இரண்டடி உயரம் குதித்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது குணரத்தினம் இறங்கி, காரின் முன்பக்க மட்காட்டின் ஓரமாக நின்றிருந்தார். அம்மாள் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சிவசம்பு தலைப்பாகை அவிழ்ந்து மூச்சு வாங்க வந்தார். மனைவியிடம் அவர் முதலில் சொன்னது இதுதான்.

"இஞ்சேரும், பயத்திலை சொன்னதெல்லாம் சொல்லில்லை. முதலிலை இறங்கும். வீட்டை போய் ஆறுதலாய் இருந்து, சீதன விசயமெல்லாம் முறைப்படி கதைப்பம்."

முறைப்படி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். முறைப்படிதான் இத்தனை சம்பந்தங்கள் போயின. கையிலிருந்த தட்டில் வடைகள் மூன்றுதான் மிச்சம் இருந்தன, மற்றவை மேடு முழுக்கச் சிதறிக் கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன்.

அம்மாள் கண்ணைத் திறந்தார். கணவரைப் பார்த்தார். சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தார். "ஓம், அதுவும் சரிதான்... அந்தரத்திலை ஏதோ வாயிலை வந்தது..." என்று தொடங்கி, சீட்டிலிருந்து எழப் பார்த்தார்.

கார் ஒரு சாண் பின்னால் போனது.

"ஐயோ!" என்று அலறி அம்மாள் மறுபடி உட்கார்ந்தார். "கேக்கமாட்டன்! கேக்கமாட்டன் எண்டுதானே சொன்னனான்! இஞ்சருங்கோ, நீங்கள் ஒரு சொல்லும் பறையாதேங்கோ! முனியப்பா, இந்த மனுசன்ரை கதையைக் கேக்காதை!"

சிவசம்பு வாயைத் திறந்தார். முன் சீட்டில் சாய்ந்திருந்த அரிவாளைப் பார்த்தார். எலுமிச்சம்பழம் இன்னும் விழாமல் இருந்தது. வாயை மூடிக்கொண்டார். அப்பா அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று கேட்டால், காருக்கு அடியில் இருந்தார். "முடிச்சைத்தான் பிழையாய்ப் போட்டிட்டன்!" என்று கீழேயிருந்து அவர் குரல் சந்தோஷமாக வந்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதை அவருக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

எல்லோரும் முனியாண்டியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கும்பிடவில்லை. கார் அந்த ஒரு சாண் நகர்ந்தபோது நான் வடையிலிருந்து கண்ணை எடுத்திருந்தேன். குணரத்தினத்தின் இரண்டு கைகளும் மட்காட்டின் மேல் இருந்தன. தோள் முன்னால் சாய்ந்திருந்தது. ஆட்டிடம் பேசியபோது இருந்த அதே முகம்.

நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்தார். கைகளை மெதுவாக எடுத்துத் தன் வெள்ளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். தட்டை நீட்டினேன். ஒரு வடையை எடுத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல், "எந்த ஸ்டேசனுக்கு?" என்று கேட்டார்.